சுந்தரவனத் தீவுகளில் மின்வழங்கல் வழிகள்: ஒரு வரலாற்று ஒப்பீடு

கங்கைக் கழிமுகத்தின் சுந்தரவனத் தீவுகளுக்கு மின்கம்பி கொண்டுசெல்வது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. அகன்ற ஆறுகளைக் கடக்க உயர்ந்த கோபுரங்கள் தேவைப்பட்டன; மாலைநேர விளக்குகளுக்கான சிறு நுகர்வு அச்செலவை ஈடுசெய்யவில்லை. கடைத்தெருக்களில் டீசல் மின்னாக்கிகளே சில மணிநேரம் ஒளி தந்தன. அவற்றை நிறுவும் செலவு குறைவு. படகில் வரும் எரிபொருளின் செலவோ ஓயாதது.

இந்நிலையில் மேற்கு வங்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வளர்ச்சி முகமை இரு மாற்று வழிகளை மேற்கொண்டது. 1996இல் சாகர் தீவின் கமல்பூரில் 26 கிலோவாட் சூரிய மின்நிலையமும், 1997இல் கோசாபாவில் விறகை எரிவளியாக்கி இயங்கும் 500 கிலோவாட் நிலையமும் அமைந்தன. முன்னதற்கு எரிபொருட்செலவு இல்லை. மின்கல அடுக்கின் கொள்ளளவும் ஆயுளுமே அதன் எல்லை. பின்னதன் திறன் மிகுதி. எனினும் அதற்கு விறகு தடையின்றி வரவேண்டும். அதன் இயந்திரங்கள் இரட்டை எரிபொருளில் இயங்கியதால் டீசல்சார்பும் முற்றாக நீங்கவில்லை.

பின்னாளில் தொகுப்பு மின்சாரம் எட்டியதும் இத்தகைய உள்ளூர் நிலையங்களின் பங்கு சுருங்கியது. இதனைத் தொழில்நுட்பத் தோல்வி என மட்டும் கொள்வது பொருந்தாது. சூரிய நிலையம் மாலைநேர விளக்கொளியை அளவாகக் கொண்டது. மக்களோ மின்விசிறி, தொலைக்காட்சி, தொழிற்கருவி ஆகியவற்றையும் நாடினர். ஓர் அலகின் விலையை மட்டும் ஒப்பிடும் ஆய்வு இவ்வேறுபாட்டைக் காணாது. எவ்வழி மலிவானது என்பதற்குமுன், சிற்றூரின் தேவையை வகுத்தவர் யார் என்பதே வினவத்தக்கது.