திருவொற்றியூரில் பிழைத்த புல்லட்



நம் மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் புல்லட்டில் வரும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால், "வெள்ளைக்காரன் வண்டி சார்" என்கிறார்கள். அது பாதிக் கதைதான்.

பிறந்தது இங்கிலாந்தின் ரெடிச் நகரில். 350 சிசி புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. அதனால் மெதுவாகப் போனாலும் இழுவை குறையாது. பின்சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் உண்டு. நெடும்பயணத்துக்கு இவைதான் வேண்டும். எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய அரசு 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர, திருவொற்றியூர் ஆலை உருவானது.

முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டும் வேலை மட்டும்தான். 1962-க்குள் எல்லாப் பாகங்களையும் நம்மவர்களே செய்யத் தொடங்கினார்கள். 1970-க்குள் இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோனது. 1977-இல் அதே இங்கிலாந்துக்கு நம் சென்னையிலிருந்து புல்லட் ஏற்றுமதியானது!

ஐ.டி.ஐ. முடித்து, "வெறும் பூட்டுற வேலைதான் சார்" என்று என்னிடம் சலித்துக்கொள்ளும் பிள்ளைகளே, புல்லட்டைக் காப்பாற்றியவர்களும் அந்த வேலையில்தான் தொடங்கினார்கள்.