காஞ்சிர மரமும் பனை வில்லும்

நாஞ்சில் நாட்டு முதியோர்க்கு மந்திரவாதம் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு மரம். 1956ஆம் ஆண்டு வரை நம் மாவட்டம் இணைந்திருந்த மலையாள மண்ணில், எட்டி எனவும் காஞ்சிரம் எனவும் வழங்கும் நச்சு மரத்தில் பேயை ஆணியடித்து நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்தது. பேய் பிடித்தவராகக் கருதப்பட்டவரின் தலைமுடியில் ஒரு கற்றையை மரத்தோடு சேர்த்து ஆணியடிப்பதும் உண்டு. மந்திரவாதியின் மற்றொரு கருவி பிரம்பு. பேயை விரட்ட ஓங்கப்பட்ட அந்தப் பிரம்பு, நோயுற்ற ஒரு மனித உடலின் மீதே விழுந்தது.

கிறிஸ்தவக் குருவையும் மக்கள் மந்திரவாதியாகவே கற்பனை செய்தனர். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ‘ஐதீகமாலை’யில் கடமற்றத்துக் கத்தனார் கதை இடம்பெறுகிறது. பத்மநாபபுரத்திற்கும் திருவனந்தபுரத்திற்கும் இடைப்பட்ட வழியில் திரிந்த யட்சியின் தலையில் அவர் ஆணியடித்து அடக்கினாராம். பின்னர் ஒருவர் அறியாமல் ஆணியைப் பிடுங்க, அவள் மீண்டும் யட்சியானாள்.

இந்த யட்சிகள் யார்? அதைச் சொல்வது மற்றொரு மரக்கருவி. வைரம் பாய்ந்த பனைமரத்தில் செய்த நீண்ட வில்லில் மணிகளைக் கட்டி, மண்குடத்தின் மேல் பொருத்தி, வீசுகோலால் நாணை அடித்துப் பாடுவது வில்லுப்பாட்டு. கால்டுவெல் 1849ஆம் ஆண்டிலேயே இக்கருவியைப் பேயாட்டத்தின் இசைக்கருவியாக வருணித்துள்ளார். அந்த வில் பாடும் நீலி, நகைக்காகத் தன் காதலனாலேயே கள்ளியின் அடியில் கொல்லப்பட்டவள். கொடை விழாக்களில் கொலை நிகழும் கட்டம் பாடப்படும்போதே சாமியாடிகள் அருள் வந்து ஆடுவதை, இவ்வட்டார வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் எடுத்துக்காட்டியுள்ளார்.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. காஞ்சிரத்தில் அடித்த ஆணி கொலையுண்டவளின் வாயை அடைத்தது. பனை வில்லோ அவளுக்கு நேர்ந்த அநீதியை ஊரறியச் சொன்னது. இரண்டுமே அச்சத்திலிருந்து பிறந்தவைதாம். ஆயினும் ஒன்று ஒடுக்கியது, மற்றது நினைவுகூர்ந்தது. பிற்காலத்தில் விவிலிய வரலாறுகளையும் புனிதர் வரலாறுகளையும் பாடக் கிறிஸ்தவர்கள் இந்த வில்லையே கையில் எடுத்தது பொருத்தமானதே.

மனம் கலங்கிப் புலம்பும் ஒரு பெண்ணைக் கண்டால், ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று சொல்லிவிடும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அவளுக்கு வேண்டியது மருத்துவமும், ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்ற பரிவான கேள்வியும். குற்றமற்ற ஒருவரை மரத்தில் ஆணிகளால் அறைந்த கதையை ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று கேட்கும் நமக்கு, ஆணியடிப்பவரின் பக்கம் நிற்கும் உரிமை இல்லை.