தீவன அளவும் பெண் கால்நடைகளின் சினைத்திறனும்

பசு, செம்மறி, கோழி ஆகியவற்றின் இனப்பெருக்க ஹார்மோன்கள் அவை தின்னும் தீவனத்தைப் பொறுத்து ஏறி இறங்குகின்றன. தீனி குறைந்தால் மாடு பருவத்துக்கு வராது. சில கட்டங்களில் மிஞ்சினாலும் கரு தங்காது. முதல் உண்மையை மேய்ப்பர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். இரண்டாவது, ஆய்வாளர்களுக்கே வெகு தாமதமாகத்தான் தெளிவானது.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் ஆடு வாங்க வருபவர், விலை பேசுமுன் ஆட்டின் இடுப்புக்கு மேலே முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்ப்பார். முள் குத்தினால் ஆடு வற்றல். சதை மூடியிருந்தால் தேறிய ஆடு. 1961இல் டாஸ்மேனியாவில் ஜெஃப்ரீஸ் என்பவர் இதே இடத்தைத் தொட்டுப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். பிறகு அது கறவை மாட்டுக்கும் வந்து, சினை பிடிக்குமா என்று கணிக்க உதவும் எளிய கருவியானது.

கிடா சேர்க்கும் முன் சில வாரம் பெட்டைகளுக்கு நல்ல தீனி கொடுத்தால் இரட்டைக் குட்டிகள் கூடும் என்ற வழக்கத்தை, இங்கிலாந்துப் பண்ணைகளில் விவரம் திரட்டிய வால்டர் ஹீப் 1899இல் எழுதினார். 1960களில் நியூசிலாந்தின் கூப் அதில் இரண்டு விளைவுகளைப் பிரித்துக் காட்டினார். ஆடு ஏற்கெனவே எவ்வளவு எடையில் இருக்கிறது என்பது ஒன்று. அந்த வாரங்களில் அதன் எடை ஏறுகிறதா என்பது மற்றொன்று.

மாடு வளர்ப்புக்கு வந்தால், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கால்நடை வளர்ப்புக்கென அமைந்த பழைய நிறுவனம் ஓசூர் மத்திகிரிப் பண்ணை. 1824இல் படைக்குக் குதிரை வளர்க்கும் நிலையமாகத் தொடங்கி, பின்னர் மதராஸ் அரசின் மாட்டுப் பண்ணையானது. 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் இந்தியாவின் முதல் செயற்கைக் கருவூட்டலைச் செய்தார். 1970இல் வெண்மைப் புரட்சி தொடங்கியபின் ஜெர்சி, ஃபிரீசியன் கலப்பினங்கள் ஊர்தோறும் பெருகின.

தீவனச் சிக்கலும் இந்தக் கலப்பினங்களோடுதான் பிறந்தது. ஆலம்பாடி போன்ற நாட்டு மாடுகள் உழவுக்கும் வண்டிக்கும் உரியவை. பால் சொற்பம் என்பதால் ராகித் தாளும் மேய்ச்சலும் அவற்றுக்கு ஈடு கொடுத்தன. கலப்பினப் பசுவோ கன்று ஈன்ற முதல் வாரங்களில் தின்பதைவிட அதிகமான சத்தைப் பாலில் இழக்கிறது; பற்றாக்குறையை உடம்புக் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டுகிறது. அப்போது ரத்தத்தில் இன்சுலினும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியும் தாழ்கின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் விடும் தூண்டு ஹார்மோனின் துடிப்புகள் தளர்கின்றன. அதனால் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும், முட்டைப்பையை வெடிக்கச் செய்யும் எல்.ஹெச். ஹார்மோனின் அலைகளும் தளர்கின்றன. சினைப்பையில் முட்டைப்பை வளர்ந்தும் வெடிக்காமல் அழிந்துபோகிறது. “மாடு கத்தவே இல்லை” (பருவத்துக்கு வரவில்லை) என்று வளர்ப்பவர் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

அந்தத் தூண்டு ஹார்மோனின் கட்டமைப்பை ஷாலி என்ற ஆய்வாளரின் குழு 1971இல் கண்டறிந்தது. இத்துறைப் பணிக்காக 1977இல் அவரும் சக ஆய்வாளர் கியூமினும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் 1994இல் அடையாளம் காணப்பட்டபின், உடம்பில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்ற செய்தி மூளைக்கு எட்டும் வழி புலப்பட்டது.

மிகைத் தீனியின் கேடு வேறு வகை. தீனி கூடும்போது ஈரலுக்குப் பாயும் ரத்தம் கூடுகிறது. கருவைத் தாங்கும் புரோஜெஸ்டரோனை ஈரல் விரைவாகச் சிதைத்துவிடுகிறது. சினை சேர்ந்த முதல் வாரங்களில் செம்மறிக்கு அளவுக்கு மீறித் தீனி வைத்தால் இந்த ஹார்மோன் குறைவதை 1980களில் ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின. அதிகம் தின்று அதிகம் கறக்கும் பசுக்களிலும் இதே நிகழ்வை விஸ்கான்சின் ஆய்வாளர்கள் பின்னர் கண்டனர். புண்ணாக்கு மிகுந்து புரதம் மட்டும் ஏறினாலும் ரத்தத்தில் யூரியா கூடிக் கருப்பைச் சூழல் கெடுகிறது.

இறைச்சிக்கோழியின் தாய்க்கோழிகளில் மிகைத் தீனியின் கேடு கண்கூடு. வேண்டிய மட்டும் தின்ன விட்டால் சினைப்பையில் ஒரே நேரத்தில் பல முட்டைப்பைகள் முதிர்ந்து, இரட்டை மஞ்சள்கரு முட்டைகளும் ஓடு கெட்ட முட்டைகளும் மிகுகின்றன; மொத்த முட்டை குறைகிறது. அதனால்தான் அக்கோழிகளுக்குத் தீவனம் எடை போட்டே வைக்கப்படுகிறது.

கிடேரி பருவத்துக்கு வருவதும் தீனியைப் பொறுத்ததே. வயதைவிட எடையே அதைப் பருவத்துக்குக் கொண்டுவருகிறது. முழு வளர்ச்சி எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை எட்டியபின் சினை ஊசி போடுவது வழக்கம். வளர்ப்பில் திருத்த வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. கறக்கும் மாட்டுக்கே அடர்தீவனம், கறவை வற்றியதற்கும் கிடேரிக்கும் வெறும் தாள் என்று பல வீடுகளில் பங்கிடுகிறார்கள். பால் பணத்தில்தான் தவிடும் பருத்திக்கொட்டையும் வாங்கியாக வேண்டும் என்பதால் இந்தப் பங்கீடு புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அடுத்த சினை எப்போது நிற்கும் என்பது ஈனுவதற்கு முன் கறவை வற்றியிருக்கும் 2 மாதங்களில் மாடு சேர்த்த உடம்பையும், ஈன்றபின் அது எவ்வளவு கரைகிறது என்பதையும் பொறுத்தே அமைகிறது. அந்த மாதங்களில் பசுந்தீவனத்தோடு அளவான அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் கொடுக்கும்படி கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஈனும்போது மாடு கொழுத்துவிடாமலும் பார்க்க வேண்டும். கொழுத்த மாடு ஈன்றபின் தீனி எடுக்காமல் இன்னும் வேகமாகக் கரையும்.