அனபாயனும் சிந்தாமணியும்

கதை கேட்போன் தன்னை மறந்து கதையுள் ஆழ்தல் யாண்டும் காணப்படுவது. கதைத்தலைவன் துன்புறுங்கால் கேட்போன் கண் கலங்கும். இல்லாத பகைவன்மீது சினம் எழும். இவ்வியல்பு குற்றமோ குணமோ என்பதனைத் தமிழ் வரலாற்றில் வழங்கும் ஒரு நிகழ்ச்சி கொண்டு ஆராய்வாம்.

கி.பி. 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்கனே அனபாயன் என்பர் வரலாற்றாசிரியர். அவன் திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியைக் கேட்டு, அதனை மெய்யெனக் கொண்டு மகிழ்ந்திருந்தான் எனவும், அமைச்சராகிய சேக்கிழார் அஃது இம்மைக்கும் மறுமைக்கும் உதவாதென எடுத்துரைத்துத் திருத்தொண்டர் வரலாற்றை உணர்த்தினார் எனவும், அதுவே பெரியபுராணம் தோன்றக் காரணமாயிற்று எனவும் சேக்கிழார் புராணம் கூறும். அந்நூல் உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்குவது. அவர்தம் சங்கற்பநிராகரணம் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313இல் எழுந்தமையின் அவர் காலம் பெறப்படும். நிகழ்ச்சிக்கும் அவர்க்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டிற்கு மேல் கழிந்தது. ஆகவே இதனை மரபுவழிச் செய்தி என்றே கொள்ளல் வேண்டும்.

மரபாயினும் அதனுட் பொதிந்த உளவியல் உண்மை பெரிது. சேக்கிழார் ஏட்டைப் பறித்தாரல்லர். கதையில் தோய்ந்த உள்ளத்திற்கு மற்றொரு வரலாற்றையே மருந்தாக ஈந்தார். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது சித்தாந்தத் துணிபு. செம்மலரருகே வைத்த பளிங்கு செந்நிறம் காட்டுமாறுபோல, உயிரும் தான் பற்றியதன் நிறத்தைக் காட்டும்; சார்பின்றித் தனித்து நில்லாது. ஆதலின் ஒரு சார்பு நீங்க மற்றொரு சார்பு வேண்டும்.

இனி, சிந்தாமணியே கேடென்பார்க்கு விடை கூறுவாம். மணநூல் எனப்படும் அக்காப்பியம், சீவகன் அரசு துறந்து வீடடைதலைக் கூறும் முத்தியிலம்பகத்தோடு முடிவது. அதனை 1880 முதல் ஆராய்ந்து 1887இல் பதிப்பித்தவர், திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர். ஏடுகளை ஒப்புநோக்கியும், விளங்காதனவற்றைச் சமணரிடமே வினவித் தெளிந்தும் ஏழாண்டு அதனுள் ஆழ்ந்திருந்த அவர் தம் சமயத்தை விட்டாரல்லர். நிறம் பளிங்கிற் படிந்தது, பளிங்கு மலராயிற்றில்லை.

எனவே ஆழ்தல் குற்றமன்று. ஏறிய நிறத்தைத் தன்னிறமென மயங்குதலே குற்றம். எம்மூராகிய செம்பட்டியிலும் இந்நாளில் இளைஞர் திரைப்படத்திலும் கைப்பேசியில் வரும் தொடர்கதைகளிலும் தோய்ந்திருக்கின்றனர். அவரைக் கடிந்து விலக்க முற்படுவோர் சேக்கிழார் செய்கையை நினைப்பாராக. கைப்பொருளைப் பறித்தலால் உள்ளம் வெறுமையடையுமேயன்றி நிறைவெய்தாது. அதனினும் சுவைமிக்க நல்வரலாறொன்றை ஆர்வந் தோன்ற எடுத்துரைத்தலே முதியோர் கடனாம்.