மலை ஏறிய குலவை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த நம் பெண்கள் எப்போதெல்லாம் குலவையிட்டார்கள்? இந்தக் கேள்வியோடு முதலில் நான் புரட்டியவை, மலாயாவில் இருந்த இந்திய அரசாங்க ஏஜெண்டின் ஆண்டறிக்கைகள். கூலி, குடியிருப்பு, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் பேசுகின்ற ஏடுகள் அவை. எண்ணிக் காட்ட முடிந்ததே அதிகாரியின் கணக்கில் ஏறும்; குலவை ஏறவில்லை. ஆனாலும் கால எல்லை ஒன்று பிடிபட்டது. ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். மலாயாவுக்குத் தொழிலாளரைச் செலவு கொடுத்து அழைத்துச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது 1938இல். அப்படி ஊரிலிருந்து நேரே வந்தவர்கள் அந்த இடைவெளிக்குள் வந்தவர்களே. மற்றவர்களில் பலர் கீழே ரப்பர் தோட்டங்களில் இருந்து ஏறியிருக்க வேண்டும்.

அடுத்து, சொல்லைத் துரத்தினேன். பழைய நூல்களில் குலவையை 'குரவை' என்றுதான் தேட வேண்டும். தொல்காப்பியத்தில் முன்தேர்க்குரவை, பின்தேர்க்குரவை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு சுரங்களின் பெயர் சூட்டிய ஏழு பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். அங்கெல்லாம் குரவை கூத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியோ கூத்தோடு, பெண்கள் நாவைச் சுழற்றி எழுப்பும் ஒலியையும் சேர்த்துச் சொல்கிறது. ஆட்டம் எப்படி ஒலியானது? துப்பு மலையாளத்தில் இருந்தது. அங்கே இந்த ஒலிக்கு 'வாய்க்குரவ' என்று பெயர். வாயால் இடுவது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், காலால் ஆடிய குரவையும் அவர்கள் நினைவில் இருந்திருக்கிறது. ஆட்டத்துக்குத் துணையாக நின்ற ஒலி, ஆட்டம் மறைந்த பிறகு பெயரைத் தனதாக்கிக்கொண்டது என்றே கருதுகிறேன்.

பாட்டுத் தொகுப்புகளும் இதற்கு உதவாது. ஒப்பாரிக்குச் சொற்கள் உண்டு, எழுதி வைக்கலாம். குலவைக்குச் சொல் இல்லை. பாட்டுத் தொகுப்பாளர்களின் நோட்டுக்குள் அது அடங்காமல் போனது பெரிய இழப்பு.

தமிழ்நாட்டில் குலவைக்குக் கோயில், முளைப்பாரி, கல்யாணம், சடங்கு என்று இடங்கள் பல. நடவு வயலும் அவற்றில் ஒன்று. பெண்கள் வரிசையாக நின்று நட்டு முடிக்கும்போது ஒன்றாகக் குலவையிடுவார்கள். தேயிலையில் அதற்கு வாய்ப்பே இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்ததும் ஆளுக்கொரு நிரை, ஆளுக்கொரு எடை. பறித்த செடி சில வாரத்தில் மறுபடி துளிர்க்கும். முடிந்தது என்று சொல்ல ஒரு நாள் வராது. வேலைக்களத்துக் குலவை கடலோடு நின்றுபோய், அம்மன் சந்நிதியிலும் கல்யாண வீட்டிலும் மட்டும் தங்கியது என்பது என் ஊகம். இதைச் சோதிக்கத் தோட்டத்துக் கோயில்களின் திருவிழா நோட்டீசுகளையும் குடும்ப ஒலிநாடாக்களையும் திரட்ட வேண்டும். தோட்டக் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்த பாட்டிமாரிடம், யாரைப் பார்த்துக் குலவையிடக் கற்றார்கள், அவர் எந்த ஊர்க்காரர் என்று இப்போதே கேட்டு எழுத வேண்டும்.