இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு வாசல்: கணனி “பூட்” ஆகும் வரலாறு



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். இரத்தோட்டையில் எத்தனையோ வீடுகளில் “செத்துப்போன” கணனி ஒன்று அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அதற்குள்ளே பிள்ளைகளின் படங்களும், மௌத்தான வாப்பாவின் கடைக் கணக்கும் இருக்கலாம். அவை உண்மையிலேயே போய்விட்டனவா என்று பார்க்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் சொந்தத் தவறைச் சொல்கிறேன்.

2022 ஞாபகம் இருக்கிறதுதானே? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனது. புதுக் கணனி வாங்குவதை யாரும் நினைத்தும் பார்க்கவில்லை. அந்த நேரம் நான் படிப்பித்த பாடசாலையில், அலுவலகக் கணனி ஒரு நாள் காலை எழும்பவில்லை. கறுப்புத் திரையில் பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று ஒரு வரி மட்டும்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்று பழைய ஹார்ட் டிஸ்க். மற்றது சில வருடங்களுக்கு முன் நானே வாங்கிப் பூட்டிய எஸ்.எஸ்.டி. விண்டோசும் மாணவர்களின் புள்ளிப் பதிவுகளும் விடுகைப் பத்திர விபரங்களும் எல்லாம் எஸ்.எஸ்.டி.யில். வேறெங்கும் பிரதி இல்லை. அது இரண்டாவது தவறு.

பார்க்க வந்தவர் சொன்னார்: “சேர், எஸ்.எஸ்.டி. முடிஞ்சு. போமட் அடிச்சுப் பார்ப்போம், சரிவந்தால் சரி.” நானும் சம்மதிக்கப் போனேன். பக்கத்தில் நின்ற தரம் 11 பிள்ளை ஒன்று மெதுவாகக் கேட்டது: “சேர், அதைக் கழட்டி லேப் மெசின்ல ரெண்டாவது டிஸ்க்கா போட்டுப் பார்த்தா? உள்ளுக்கு எல்லாம் அப்பிடியே ஈக்கும்.”

போட்டுப் பார்த்தோம். எல்லாம் அப்படியே இருந்தது. செத்தது எஸ்.எஸ்.டி. இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க். அப்படியென்றால் நல்ல டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் ஏன் எழும்பவில்லை? அதற்கு விடை வேண்டுமென்றால் நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

“பூட்” என்ற சொல்லே ஒரு பகிடியில் பிறந்தது. சப்பாத்தின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தானே தூக்குவது என்பது ஆங்கிலத்தில் நடக்காத காரியத்துக்குச் சொல்லும் பேச்சு. கணனிக்கும் அதே சிக்கல்தான். டிஸ்க்கை வாசிக்க ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலோ டிஸ்க்குக்குள் இருக்கிறது. 1975இல் வந்த ஆல்டயர் 8800 கணனியில் முதல் நிரலை முன்பக்கத்துச் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித் தட்டி மனிதரே ஊட்ட வேண்டியிருந்தது. ஒரு சுவிட்ச் பிழைத்தால் திரும்ப முதலிலிருந்து.

1981 ஓகஸ்ட் 12இல் ஐ.பி.எம். தன் பீ.சீ.யை வெளியிட்டபோது அந்த முதல் நிரலை ஒரு சிப்புக்குள் எழுதி வைத்தது. அதுதான் பயோஸ். அந்தக் கணனியில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை. ப்ளொப்பி இருந்தால் அதிலிருந்து எழும்பும், இல்லாவிட்டால் சிப்புக்குள்ளிருந்த பேசிக் மொழி திரைக்கு வரும். யார் முதல் என்ற சண்டைக்கே இடமில்லை.

1983 மார்ச்சில் வந்த பீ.சீ. எக்ஸ்.டி. மாதிரியில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்கே அது போதாது. அதோடு வந்த டொஸ் 2.0 ஒரு ஏற்பாடு செய்தது. டிஸ்க்கின் முதலாவது 512 பைட்டைத் தனியே ஒதுக்கியது. அதில் 446 பைட் சின்ன நிரல், 64 பைட் டிஸ்க்கின் பாகப்பிரிவினை அட்டவணை, கடைசி 2 பைட் முத்திரை. அந்த அட்டவணையில் நாலு பாகத்துக்குத்தான் இடம். காணி உறுதியில் நாலு பேரின் பெயருக்கு மட்டும் கோடு போட்ட மாதிரி. இதைத்தான் எம்.பி.ஆர். என்கிறோம்.

பயோஸ் முதலாவது ஹார்ட் டிஸ்க்கின் அந்த 512 பைட்டை வாசிக்கும். முத்திரை சரியென்றால் அதனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். இரண்டாவது டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பயோஸ் கேட்பதில்லை. பின்னால் வந்த எத்தனையோ தலையிடிகளுக்கு இந்த ஒரு பழக்கம்தான் வேர்.

அந்த 512 பைட்டின் பலத்தை முதலில் உலகத்துக்குக் காட்டியது நம்முடைய பக்கத்து நாடு. 1986இல் லாகூரில் பாசித், அம்ஜத் பாரூக் அல்வி என்ற சகோதரர்கள், தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைக் களவாகப் பிரதி எடுப்பவர்களைப் பிடிக்க, ப்ளொப்பியின் பூட் பகுதியில் ஒரு நிரலை ஒளித்து வைத்தார்கள். தங்கள் பெயரையும் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் அதிலேயே எழுதியிருந்தார்கள்! அதுதான் பிரெய்ன் வைரஸ். அது ஹார்ட் டிஸ்க்கைத் தொடவில்லை. அடுத்த வருடம் நியூசிலாந்தில் தோன்றிய ஸ்டோன்ட் வைரஸ் ஹார்ட் டிஸ்க்கின் எம்.பி.ஆரிலும் ஏறிக்கொண்டது.

1980களின் பிற்பாதியில் ஐ.டி.ஈ. டிஸ்க்குகள் பரவின. ஒரே தட்டை வயரில் இரண்டு டிஸ்க். எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று பின்னால் ஜம்பர் என்ற சின்ன மூடியைக் குத்திச் சொல்ல வேண்டும். இரண்டுமே மாஸ்டர் என்று குத்தினால் சிலவேளை இரண்டுமே தெரியாது. இடைநிலைக் கல்வி நவீனமயமாக்கல் திட்டத்தில் 2000களின் தொடக்கத்தில் நாட்டின் பல பாடசாலைகளுக்குக் கணனி நிலையங்கள் வந்தபோது, எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் அந்த ஜம்பரை நகத்தால் இழுத்துத்தான் தொழில் பழகினோம். 2003இல் சாட்டா வந்தது. ஒரு டிஸ்க்குக்கு ஒரு வயர். ஜம்பர் போனாலும், எது முதல் என்ற கேள்வி போகவில்லை.

இனி எங்கள் பாடசாலைக் கணனிக்குத் திரும்பி வருகிறேன்.

நான் எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்கைக் கழட்டவில்லை. பயோஸின் வரிசையில் முதலாவதாக இருந்தது அந்தப் பழையதுதான். விண்டோஸ் தன் கோப்புகளை நான் சொன்ன எஸ்.எஸ்.டி.யில் வைத்தது. ஆனால் எழுப்பிவிடும் சின்னக் கோப்புகளை, முதலாவது டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த பூட் பாகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. வீடு ஒரு வளவில், வாசல் அடுத்த வளவில். சில வருடங்கள் ஒரு குறையும் தெரியவில்லை. கரண்ட் வெட்டில் பழைய டிஸ்க் போனபோது வாசலும் சேர்ந்து போனது.

திருத்திய விதம் இதுதான். முதலில் லேப் கணனியிலேயே எல்லாவற்றையும் பிரதி எடுத்தோம். பிறகு எஸ்.எஸ்.டி.யை மட்டும் பூட்டி, விண்டோஸ் ஏற்றும் பென் ட்ரைவிலிருந்து எழுப்பி, ரிப்பெயார் பகுதிக்குள் கமாண்ட் ப்ரொம்ட்டுக்குப் போனோம். டிஸ்க்பார்ட்டில் விண்டோஸ் இருந்த பாகத்தை ‘அக்டிவ்’ ஆக்கினோம். பூட்ரெக் கட்டளையால் எம்.பி.ஆரைப் புதிதாக எழுதினோம். பீ.சீ.டி.பூட் கட்டளையால் பூட் கோப்புகளை எஸ்.எஸ்.டி.யிலேயே வைத்தோம். ரீஸ்டார்ட் கொடுத்தோம். எழும்பியது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இப்போதைய கணனிகளில் பயோஸின் இடத்தில் யூ.ஈ.எஃப்.ஐ. இருக்கிறது. இன்டெல் தொடக்கிய வேலை, 2005இலிருந்து பல கம்பனிகள் சேர்ந்த ஒரு மன்றத்தின் கையில் இருக்கிறது. எம்.பி.ஆருக்கு 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. புதிய ஜீ.பி.டி. அட்டவணைக்கு அந்தத் தடை இல்லை, விண்டோசில் 128 பாகம் வரை பிரிக்கலாம். எந்த டிஸ்க்கில் எந்தக் கோப்பால் எழும்ப வேண்டும் என்பதை மதர்போர்டே குறித்து வைத்திருக்கும். ஆனால் பூட் கோப்புகள் டிஸ்க்கில் ஒரு சின்னத் தனிப் பாகத்தில்தான். இரண்டு டிஸ்க் பூட்டியிருக்க விண்டோஸ் ஏற்றினால் அந்தப் பாகம் மற்ற டிஸ்க்கில் அமைவது இன்றும் நடக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டில் இரண்டு டிஸ்க் உள்ள கணனி எழும்பாவிட்டால், இந்த வரிசையில் பாருங்கள்.

1. திகதியும் நேரமும் பழைய வருடத்துக்குப் போயிருக்கிறதா? மதர்போர்டிலுள்ள காசு மாதிரி வட்டமான பெற்றி முடிந்திருக்கலாம். அது முடிந்தால் பூட் வரிசை பழையபடி மாறும், சிலவேளை யூ.ஈ.எஃப்.ஐ., லெகஸி முறையும் மாறும். பெற்றியை மாற்றி வரிசையைச் சரிசெய்தால் பெரும்பாலும் போதும்.

2. பூட்டியிருக்கும் பென் ட்ரைவ் எல்லாவற்றையும் கழட்டுங்கள். கணனி அதில் எழும்பப் பார்த்து நிற்கலாம்.

3. பயோஸுக்குள் போய் இரண்டு டிஸ்க்கும் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் கரண்டை நிறுத்தி வயரை மாற்றிப் பூட்டுங்கள்.

4. டிஸ்க்கை வேறு கணனியில் இரண்டாவதாகப் பூட்டி, உள்ளே இருப்பதைப் பிரதி எடுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். அது தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய டிஸ்க்.

5. இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரிப்பெயார். கடைசியிலும் கடைசிதான் போமட்.

புதிதாக விண்டோஸ் ஏற்றுவதென்றால் மற்ற டிஸ்க்கைக் கழட்டி வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஒரு ஸ்க்ரூ ட்ரைவரும் ஐந்து நிமிடமும் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் மிச்சம் பிடித்ததால், அத்தனை பிள்ளைகளின் பதிவுகளும் ஒரு சொல்லில் அழியப் பார்த்தன.

கறுப்புத் திரை வந்தால் கணனிக்குத் தன் வாசலைக் காணவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். உள்ளே இருப்பவை அழிந்தனவா என்று பார்க்காமல் யாரையும் போமட் அடிக்க விடாதீர்கள்.

அலுமாரிக்கு மேலே கிடப்பதை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். யாருக்காவது உதவி தேவையென்றால் கீழே எழுதுங்கள். அந்தத் தரம் 11 பிள்ளை இப்போது தொழில்நுட்பம்தான் படிக்கிறது. லீவுக்கு ஊருக்கு வரும்போது இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.