கரும்புத் தோட்டத்தில் பிறந்த மொழி

அரசவையிலும் புலவர் அவையிலும் மொழி வளர்ந்த வரலாற்றை நாம் நன்கறிவோம். கூலிக் கொட்டகையில் மொழி பிறந்த வரலாறோ அரிதாகவே பேசப்படுகிறது. தென்மேற்குப் பசிபிக்கில் உள்ள மெலனீசியத் தீவுகளில் அத்தகைய வரலாறு ஒன்றுண்டு.

1863ஆம் ஆண்டு ராபர்ட் டவுன்ஸ் என்னும் வணிகர், பருத்தி பயிரிடுதற்பொருட்டு 67 தீவினரைக் குவீன்ஸ்லாந்தில் கொண்டுவந்து இறக்கினார். பின்னர்க் கரும்புத் தோட்டங்கள் பெருகின. 1904க்குள் ஏறத்தாழ 62,000 தொழில் ஒப்பந்தங்கள் பதிவாயின. விரும்பிச் சென்றோரும் உண்டு. ஏமாற்றியும் கடத்தியும் கொண்டு செல்லப்பட்டோரும் உண்டு.

ஒரே தோட்டத்தில் கரும்பு வெட்டியவர்களுக்குப் பொதுமொழி இல்லை. எனவே ஆங்கிலச் சொற்களை எடுத்துத் தம் மொழிகளின் இலக்கண மரபில் கோத்தனர். தமிழில் ‘நாம்’ என்பதற்கும் ‘நாங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. தீவினர் மொழிகளில் உண்டு. ஆகவே ‘நீ’, ‘நான்’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களை இணைத்து ‘யூமி’ என்றனர், அதுவே ‘நாம்’. ‘நாங்கள்’ என்பதற்கு ‘மிஃபாலா’ என்றனர். கல்வியறிவு பெற வாய்ப்பற்ற உழைப்பாளர் செய்த இலக்கணப் பணி இது!

1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஊர் திரும்பியோருடன் அம்மொழியும் திரும்பியது. பிஸ்லாமா எனப் பெயர் பெற்ற அது, 1980இல் விடுதலையடைந்த வனுவாட்டுவின் தேசியமொழியாயிற்று.

நூற்றுக்கு மேற்பட்ட தாய்மொழிகள் வழங்கும் அந்நாட்டில் மற்றொரு காட்சியும் உண்டு. மாலெகுலா தீவில் ஆய்வு செய்த பெர்னார்டு டீக்கன் என்னும் இளைஞர் 1927இல், 24ஆம் வயதில், அங்கேயே காய்ச்சலால் மாண்டார். அவருடைய குறிப்புகளைக் கமிலா வெட்ஜ்வுட் தொகுத்து 1934இல் நூலாக்கினார். பிற்காலத்தில் டெர்ரி குரோலி அத்தீவின் நாமன், நேசே முதலிய மொழிகளைப் பதிவுசெய்தார். அவற்றைப் பேசியோர் மிகச் சிலரே. 2005இல் அவர் மறைந்தபின், மறு ஆண்டு அந்நூல்கள் வெளிவந்தன. அயலார் கொணர்ந்த நோய்களால் மக்கள்தொகை குன்றியதும், எஞ்சியோர் கடற்கரைச் சிற்றூர்களில் கலந்து குடியேறியதும் அம்மொழிகளை நலித்தன. பொதுமொழியை மட்டும் பழிப்பது நேர்மையன்று.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. மெலனீசியர் உழைத்த ஃபிஜித் தோட்டங்களுக்கே 1903 முதல் சென்னை வழியாகத் தமிழரும் சென்றனர். அவர்தம் துயரைப் பாரதி பாடினார். ஆயினும் அவர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பாலோர் இன்று ஃபிஜி இந்தியே பேசுகின்றனர்.

‘நாம்’ என்னும் சொல் வளரட்டும்; அதற்காக ‘நாங்கள்’ அழிய வேண்டியதில்லை. பத்தாண்டு நிறைவில் நம் வட்டம் எண்ணத்தக்கது இதுவே.